வாகோபாவும் நம் அய்யனாரும்



‘அவதார்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்க்காத பிள்ளைகள் நம் வீடுகளில் குறைவு. 2009ல் முதல் பாகமும் 2022ல் இரண்டாம் பாகமும் வந்தன. வேறொரு கிரகத்துக் காட்டில் நீல நிற மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்குக் காடே தாய்த் தெய்வம். மரத்தடியில் கூடிக் கைகோர்த்து வணங்குகிறார்கள். அவர்கள் குடியிருக்கும் பெருமரத்துக்கு அடியில் கிடக்கும் கனிமத்துக்காக வெளியார் இயந்திரங்களோடு வந்து மரத்தைச் சாய்க்கிறார்கள். இந்தக் கட்டத்தில் பிள்ளைகள் மட்டுமல்ல, உடன் போன தாத்தா பாட்டிகளும் கண்ணைத் துடைத்துக் கொண்டதை நான் அறிவேன்.

கண்ணீர் நல்லதுதான். ஆனால் அந்தத் தியேட்டரிலிருந்து வெளியே வந்து கோரேகாவுக்கு ரயில் ஏறி, அங்கிருந்து ஒரு பஸ் பிடித்தால், மழையையும் நெல்லையும் புலியையும் கும்பிடுகிற நிஜ மனிதர்கள் நம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் மூன்று தலைமுறையாக இருக்கும் நமக்கு அவர்களைப் பற்றி என்ன தெரியும்? கன்ஹேரி குகைக்குப் பிக்னிக் போயிருக்கிறோம். வார்லி ஓவியம் போட்ட புடவை, மேஜை விரிப்பு வாங்கியிருக்கிறோம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்றுதான் பெரும்பாலோர் சொல்ல வேண்டியிருக்கும். அவர்களின் சாமி விஷயம் அவர்கள் பாடு என்று நாம் ஒதுங்க முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

யார் இந்த மக்கள்?

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதன் தெற்கு ஓரத்தை ஒட்டியிருப்பது 1949ல் அரசாங்கம் தொடங்கிய ஆரே பால் காலனி. நகரத்துத் தபேலாக்களில் இருந்த எருமைகளை அங்கே கொண்டுபோய்க் கட்டினார்கள். எருமைகள் வருவதற்கு முன்பே அங்கே மக்கள் இருந்தார்கள். ஆரேக்குள் மட்டும் 27 பழங்குடிக் குடியிருப்புகள் உண்டு. மராட்டியில் ‘பாடா’ என்பார்கள். வார்லிகளும் வேறு சில பழங்குடியினரும் அவற்றில் வாழ்கிறார்கள். வார்லிகளின் பெருந்தொகை பால்கர் மாவட்டத்தில் டஹாணு, தலாசரி, ஜவ்ஹார், மொகாடா பக்கங்களில் இருக்கிறது. 1945ல் கோதாவரி பருலேகர் அம்மையார் தலைமையில் கொத்தடிமைத்தனத்தை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள் இவர்களே.

இவர்களின் தெய்வங்களுக்குப் பெரிய கோபுரம் கிடையாது. தர்த்தரி என்பது மண். கன்சரி என்பது நெல் தானியத் தாய். நாரண்தேவ் மழை. காவ்தரி பசு. ஹிர்வா, ஹிமாய் என்று இன்னும் சில. புலியும் சிறுத்தையும் வாகோபா. வாகோபாவை ஒரு கல்லிலோ மரப்பலகையிலோ செதுக்கிச் செந்தூரம் பூசி வைத்திருப்பார்கள். பக்கத்தில் சூரியனும் சந்திரனும் இருக்கும். மழைக்காலம் முடிந்து தீபாவளியை ஒட்டி வரும் துவாதசியில் ‘வாக்பாரஸ்’ என்ற திருநாள். அன்று தேங்காய் உடைத்து, கோழி பலியிட்டு, வருஷம் முழுதும் எங்களையும் எங்கள் மாட்டையும் காப்பாற்று என்று வேண்டிக் கொள்வார்கள். புது நெல் வந்தால் கன்சரிக்குப் படைத்த பிறகுதான் வீட்டில் பொங்குவார்கள்.

இதைப் படிக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கும் மதுரைக்காரர்களுக்கும் இதில் எது புதிது? புது அரிசியைச் சூரியனுக்குப் படைத்த பிறகு நாம் உண்ணும் நாளைத்தானே பொங்கல் என்கிறோம்? ஊர் எல்லையில் குதிரை மேல் உட்கார்ந்து ராத்திரியெல்லாம் காவல் சுற்றும் அய்யனாரை நமக்குத் தெரியாதா? அவரைச் சுற்றி ஒரு கோயில்காடு. அதில் ஒரு சுள்ளி ஒடித்தாலும் சாமி குற்றம். தொல்காப்பியமே நிலத்தைப் பிரித்துக் காட்டுக்கு மாயோனையும் மலைக்குச் சேயோனையும் கொடுத்திருக்கிறது. தில்லை என்பதே ஒரு சதுப்புநில மரத்தின் பெயர். சிதம்பரத்துக்கு அந்த மரத்தின் பெயர்தான் முதலில் இருந்தது. மதுரைக்குக் கடம்பு, காஞ்சிக்கு மா என்று ஒவ்வொரு கோயிலிலும் தல விருட்சத்தைச் சுற்றி வந்து கும்பிடுகிறோம். கோபுரம் பிறகு வந்தது. மரம் முன்பே இருந்தது.

வார்லி ஓவியமும் அப்படித்தான். அது முதலில் அலங்காரத்துக்கு வரைந்த படம் அல்ல. கல்யாண வீட்டில் சுமங்கலிப் பெண்கள் செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவைக் கரைத்து ‘சௌக்’ என்ற சதுரம் போட்டு, நடுவில் பால்காட் என்ற செழிப்புத் தேவியை எழுதுவார்கள். அவள் வந்து அமர்ந்தால்தான் கல்யாணம் நடக்கும். ஜிவ்யா சோமா மாஷே என்ற கலைஞர் அந்தச் சுவர் ஓவியத்தைக் காகிதத்துக்குக் கொண்டு வந்தார். 2011ல் பத்மஸ்ரீ பெற்று 2018ல் காலமானார். நம் வீட்டு வாசலிலும் அரிசி மாவு, அங்கே சுவரிலும் அரிசி மாவு. நம் பாட்டிமார் எறும்புக்கும் ஒரு கவளம் என்று சொல்லிக் கோலம் போட்டார்கள். இரண்டுக்கும் உள்ள உறவு எனக்கு வேறு எந்த விளக்கமும் இல்லாமலே புரிகிறது.

மலைப்பாதையில் கண்டது

அடியேன் சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சில வருஷங்கள் காசாரா–இகத்புரி மலைப்பாதையில் இருந்தேன். 37 அடி போனால் ஒரு அடி ஏற்றம். வண்டிக்குப் பின்னால் கூடுதல் எஞ்சின் கொடுத்துத் தள்ள வேண்டும். மழைக்காலம் வந்தால் எந்தப் பாறை எப்போது உருளும் என்று யாராலும் சொல்ல முடியாது. ராத்திரி ரோந்துக்குப் போகும் ஆள் கையில் லாந்தர், சிவப்புக்கொடி, பட்டாசு டெட்டனேட்டர் எல்லாம் எடுத்துக்கொண்டு தனியாக நடப்பான். எங்கள் கேங்மேன்களில் பலர் அந்தப் பக்கத்துப் பழங்குடியினர்.

ஒரு சுரங்க வாய்க்கு அருகில் செந்தூரம் பூசிய ஒரு கல் இருந்தது. மழை தொடங்கும் முன் கேங்கில் எல்லோரும் காசு போட்டு அங்கே தேங்காய் உடைப்பார்கள். ஒரு சமயம் புதிதாக வந்த இளம் அதிகாரி ஒருவர், “இதெல்லாம் எதற்கு?” என்று கேட்டார். எங்கள் மேஸ்திரி சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. “சாஹேப், நாங்கள் இந்தக் காட்டுக்குள் நடக்கிறோம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தானே நடக்க வேண்டும்?”

அந்த மேஸ்திரி தேங்காய் உடைத்துவிட்டுப் பாறையைக் கவனிக்காமல் இருந்தாரா என்றால் இல்லை. அவரைப் போல ஒரு விரிசலைக் கண்டுபிடிக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. புதிதாக நீர் கசியும் இடம், சாய்ந்து நிற்கும் செடி, பறவைகள் திடீரென்று காலி செய்த மரம், எல்லாவற்றையும் குறித்து வந்து சொல்வார். வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்புதான் அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தது என்று எனக்குத் தோன்றும். காட்டுத் தெய்வத்தை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

சிறுத்தையோடு ஒப்பந்தம்

படித்தவர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வார்லிகளின் வாகோபா வழிபாட்டைப் பற்றிக் காட்டுயிர் ஆராய்ச்சியாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று 2021ல் வெளிவந்தது. மகாராஷ்டிரத்தில் 150க்கும் மேற்பட்ட வாகோபா தலங்களை அவர்கள் தேடிக் கண்டு குறித்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட சாரம் இதுதான்: முறையாகப் பூஜை செய்தால் வாகோபா காப்பார் என்று வார்லி நம்புகிறார். கொடுத்து வாங்கும் ஓர் உறவு. இந்த நம்பிக்கை இருப்பதால் சிறுத்தை ஆட்டையோ கோழியையோ தூக்கிப் போனாலும் உடனே விஷம் வை, சுட்டுக் கொல் என்று கிளம்பாமல் பொறுக்கும் மனம் வருகிறது.

நகரத்துக்கு நடுவே இருக்கும் இந்தக் காட்டில் 2015ல் 35 சிறுத்தைகளும் 2018ல் 47 சிறுத்தைகளும் கணக்கெடுப்பில் பதிவாயின. உலகத்தில் இவ்வளவு ஜனநெருக்கடியான நகரத்தில் இத்தனை சிறுத்தைகள் இருப்பது அபூர்வம். வேலி போட்டதாலோ காவலாளி வைத்ததாலோ மட்டும் இது நடக்கவில்லை. 2004ல் காட்டின் ஓரங்களில் சிறுத்தை தாக்கிப் பலர் இறந்தார்கள். வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து இங்கே விட்டதும், குப்பையும் அதைத் தேடி வரும் தெருநாய்களும் பெருகியதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பிறகு வனத்துறையும் நகர மக்களும் சேர்ந்து, கூண்டு வைத்துப் பிடிப்பதைக் குறைத்து, குப்பையை அள்ளு, குழந்தையை இருட்டில் தனியே விடாதே என்று சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். சிறுத்தை இங்கேதான் இருக்கும், நாம்தான் பார்த்து நடக்க வேண்டும் என்பதே அந்தப் பாடம். பாடாவில் இருக்கும் பாட்டி அதைத்தான் வாகோபாவின் பெயரால் சொல்லி வந்தாள்.

நான் எதையும் மிகைப்படுத்த விரும்பவில்லை. 2022 தீபாவளி நாளில் ஆரேயில் ஒரு சின்னக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. எந்தப் பூஜையும் அந்தத் தாயின் வயிற்றெரிச்சலை ஆற்றாது. பாம்பு கடித்தால் பகத் என்ற மந்திரக்காரரிடம் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாடாக்களுக்குக் கரண்டும் குடிதண்ணீரும் கழிப்பிடமும் பள்ளிக்கூடமும் வேண்டும். அங்குள்ள பிள்ளைகள் நம் பிள்ளைகளைப் போல இன்ஜினியராக வேண்டும். பழங்குடி என்றால் மியூசியத்துப் பொம்மை போல அப்படியே நிற்க வேண்டும் என்று நினைப்பது அவமரியாதை. அவர்கள் சாமியை மதிக்கச் சொல்வதும், அவர்களை இருட்டில் வைக்கச் சொல்வதும் ஒன்றாகாது.

மரங்களை எண்ணினோம்

இனி ஆரே விவகாரத்துக்கு வருகிறேன். கொலாபா–பாந்த்ரா–ஸீப்ஸ் மெட்ரோ மூன்றாம் தடம் 33.5 கிலோமீட்டர் நீளம், 27 நிலையங்கள். அதற்கு ஆரேயில் கார் ஷெட் கட்டுவது என்று முடிவானது. 2019 அக்டோபர் 4 அன்று உயர்நீதிமன்றம் எதிர் மனுக்களைத் தள்ளியது. ஆரேயைக் காடு என்று அறிவிக்கக் கேட்ட மனுவும் அவற்றில் ஒன்று. அன்று இரவே மரம் வெட்டத் தொடங்கினார்கள். 7ஆம் தேதி உச்சநீதிமன்றம் தடுத்து நிறுத்துவதற்குள் 2,141 மரங்கள் விழுந்துவிட்டன. எதிர்த்த 29 பேர் கைதானார்கள். 2020ல் கார் ஷெட்டைக் கஞ்சூர்மார்க்குக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். ஆரேயில் 812 ஏக்கரை ஒதுக்கப்பட்ட காடாகவும் அறிவித்தார்கள். 2022ல் புதிய அரசு வந்ததும் கார் ஷெட் ஆரேக்கே திரும்பியது. அந்த வருஷம் நவம்பரில் 84 மரங்களுக்கு அனுமதி கேட்டுப் பெற்றவர்கள் மேலும் பல மரங்களுக்கு அனுமதி தேட, 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மெட்ரோ நிறுவனத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கட்டச் சொல்லியது. முடிவில் பாதை 2024 அக்டோபரில் ஆரேயிலிருந்து பாந்த்ரா–குர்லா வளாகம் வரையிலும், 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுதாகவும் திறந்தது. தாராவிக்கும் அதில் ஒரு நிலையம் உண்டு.

ரயில்வேக்காரனாகிய நான் மெட்ரோவுக்கு எதிரியாக இருக்க முடியுமா? சர்ச்கேட் வண்டியில் கதவோரம் தொங்கிக்கொண்டு போன தலைமுறை நாம். ஒரு ரயில் ஓட வேண்டுமானால் அது ராத்திரி நிற்க இடம் வேண்டும். அடியில் இறங்கிப் பார்க்கக் குழிப்பாதை வேண்டும். சக்கரம் கடையும் இயந்திரம், கழுவும் கூடம் எல்லாம் வேண்டும். அது பாதையின் கடைசி முனைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் காலி வண்டியை வீணாக ஓட்டாமல் இருக்கலாம். குர்லாவிலும் கல்வாவிலும் சான்பாடாவிலும் ஷெட் கட்டியவர்களுக்கு இது தெரியும். ஆகவே ஆரேயைத் தேர்ந்தவர்கள் காரணமே இல்லாமல் தேர்ந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் கேள்வி வேறு. அந்த ஐந்தாறு வருஷச் சண்டையில் பத்திரிகைகளிலும் கோர்ட்டிலும் அதிகம் அடிபட்டது மரக்கணக்கு. எத்தனை மரம் வெட்டு, எத்தனை மரம் நடு, எத்தனை மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வை. பிரஜாபூர் பாடாவிலிருந்து கிளப்பிச் சகாலாவில் அடுக்குமாடிக்கு அனுப்பிய குடும்பங்களின் குரல் அடுத்தபடி. அந்த நிலத்தில் யார் யாருடைய தெய்வம், எந்தக் கல், எந்த மரத்தடி, வருஷத்தில் எந்த நாள் பூஜை என்ற கணக்கு கடைசி வரிசையில்கூட இடம் பிடிக்கவில்லை. நில அளவைப் படிவங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோயில், மசூதி, சர்ச் என்று கட்டடம் இருந்தால் எழுத இடம் இருக்கும். சுவரும் கூரையும் இல்லாத சாமியை எந்தப் பத்தியில் எழுதுவது? எழுதாதது இல்லாததாகிவிடுகிறது. ஒரு மரத்துக்குப் பதில் மூன்று மரம் நடலாம். தெய்வம் இருக்கும் மரத்துக்குப் பதில் எங்கே நடுவது?

நியமகிரி சொன்ன வழி

இதற்கு வழியில்லை என்பார்கள். வழி இருக்கிறது; நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஒடிசாவில் நியமகிரி மலை. அங்கே டோங்ரியா கோண்ட் மக்களுக்கு நியம்ராஜா என்ற மலைத் தெய்வம். வேதாந்தா கம்பெனியின் ஆலைக்காக அந்த மலையில் பாக்சைட் வெட்டத் திட்டம் வந்தது. 2010ல் இவர்களுக்காகப் போராடிய ஒரு சர்வதேச அமைப்பு, இதோ நிஜ ‘அவதார்’ கதை என்று அந்தப் படத்தின் டைரக்டருக்கே விளம்பரம் மூலம் வேண்டுகோள் விடுத்தது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம், அந்த மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுகிறதா என்பதை அவர்களின் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின. 12ம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது.

இதற்கு அடிப்படையாக இருந்தது 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம். ஆனால் அந்தச் சட்டம் பொருந்த முதலில் அந்த நிலம் காடு என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரேயில் சிக்கல் அங்கேதான். சிறுத்தை உலவலாம், பாம்பு இருக்கலாம், வாகோபா இருக்கலாம். ஆனால் காகிதத்தில் அது பால் காலனி.

கார் ஷெட் முடிந்த கதை. வரப்போகிறவை இருக்கின்றன. தானே–போரிவலி இரட்டைச் சுரங்கச் சாலைக்கும், கோரேகாவ்–முலுண்ட் இணைப்புச் சாலையின் சுரங்கத்துக்கும் 2024 ஜூலை 13 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இரண்டும் இந்தக் காட்டுக்கு அடியில் போகின்றன. சுரங்கம் அடியில் போனாலும் வாய் மேலேதான் திறக்க வேண்டும். மண் கொட்டவும் லாரி போகவும் இடம் வேண்டும். ஆகையால் கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நமக்கென்ன வந்தது?

இப்படிக் கேட்கும் அன்பர்களுக்கு மூன்று பதில்கள்.

முதலாவது, மீட்டி ஆறு. விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் பிறந்து, சாகிநாகா, குர்லா வழியாக வந்து தாராவியைத் தொட்டு மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. 2005 ஜூலை 26ல் சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அந்த ஆறு யார் வீட்டுக்குள் புகுந்தது என்று தாராவிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மேலே மண்ணும் மரமும் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கிறதோ அவ்வளவு கீழே நமக்கு நிம்மதி. நாரண்தேவைக் கும்பிடுகிறவன் மேலே இருப்பது கீழே இருக்கிற நமக்கு நல்லது.

இரண்டாவது, காகிதம். தாராவியில் தகுதி உள்ளவர், தகுதி இல்லாதவர் என்று பிரிக்கிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து இருந்ததற்கு அத்தாட்சி காட்டு என்கிறார்கள். தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்து, சேற்றை மேடாக்கிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் ரேஷன் கார்டையும் கரண்ட் பில்லையும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். வன உரிமைச் சட்டத்திலும் 2005 டிசம்பர் 13 என்று ஒரு தேதி இருக்கிறது. காட்டைக் காகிதம் இல்லாமல் கையாண்ட மக்களிடம் காகிதம் கேட்கிறார்கள். நம்மவர் படும் பாட்டையும் அவர்கள் படும் பாட்டையும் ஒருவர் சொல்லாமலே மற்றவர் புரிந்துகொள்ள முடியும். வந்தவர்களாகிய நமக்கே இவ்வளவு வலிக்கிறது என்றால், இருந்தவர்களுக்கு எவ்வளவு வலிக்கும்?

மூன்றாவது, நம்முடைய சாமி. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடும். பட்டவராயருக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள். மும்பையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். அந்தக் கோயில் 1988ல் அறிவித்த களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே போய் நாம் பிளாஸ்டிக்கையும் பழந்துணியையும் தாமிரபரணியில் விட்டுவிட்டு வருகிறோம். வனத்துறை வாகனத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் கட்டுப்பாடு போட்டால், எங்கள் குலசாமியைக் கும்பிட இவர்கள் யார் என்று கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதே நியாயம் வார்லிக்கும் உண்டு. ஆனால் அய்யனார் காட்டுக்குக் காவல்காரர் என்றால், அவர் பக்தன் காட்டைக் குப்பைமேடு ஆக்கக் கூடாது. குலசாமியின் வீட்டில் குப்பை கொட்டிவிட்டு வருகிறவன் எந்த வரத்தைக் கேட்பான்?

சிலர் இன்னொன்றும் கேட்பார்கள்: இவர்கள் இந்துக்கள்தானே, தனியாக என்ன மதம்? இது வீட்டுக்குள் இருப்பவர் சொல்ல வேண்டிய பதில். வெளியே நிற்பவர் சொல்லக் கூடாது. டஹாணு மகாலட்சுமிக்குத் திருவிழா எடுக்கும் வார்லிகளும் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வழி தனி என்பவர்களும் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுதும் சுமார் 79 லட்சம் பேர் ‘பிற மதங்கள்’ என்ற பகுதியில் வந்தார்கள். அவர்களில் 49 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ‘சர்னா’ என்று எழுதியவர்கள். சர்னா என்றால் புனிதச் சோலை. நம் கோயில்காடு மாதிரி. 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டசபை சர்னாவுக்குத் தனிப் பத்தி வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்து 2025 ஜூனில் அறிவித்திருக்கிறார்கள். ஒருவர் தன் சாமியின் பெயரைத் தானே சொல்லி எழுத இடம் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

செய்யக் கூடியவை

அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். காட்டிலும் காட்டோரத்திலும் எந்தத் திட்டம் வந்தாலும், மர அளவையோடு வழிபாட்டு இடங்களின் அளவையும் எடுக்க வேண்டும். பாடாவின் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, கல், மரம், ஊற்று, பூஜை நாள் என்று எழுதி, அவர்கள் கையெழுத்தோடு திட்ட அறிக்கையில் சேர்க்க வேண்டும். இது பெரிய செலவில்லை. தண்டவாளம் போட அலைன்மென்ட் பார்க்கும்போது ஒரு பாறைக்காக, ஒரு ஓடைக்காகப் பாதையை வளைக்கிறோம். ஒரு தெய்வத்துக்காக ஐம்பது மீட்டர் வளைக்க முடியாதா? எல்லா இடத்திலும் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடியாத இடத்தில் அதைச் சொல்லி, அவர்கள் சம்மதம் கேட்டு, அவர்கள் முறைப்படி சாமியை எடுத்து வைத்த பிறகு மண்ணை வெட்டட்டும். நம் ஊரில் கோயிலைப் புதுப்பிக்கும்போது பாலாலயம் செய்து சாமியை வேறிடத்தில் இருத்தாமல் யாராவது கடப்பாரை போடுவார்களா?

சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் எத்தனையோ பேரை மேடை ஏற்றுகிறோம். ஒரு வருஷம் ஆரேயிலிருந்தோ டஹாணுவிலிருந்தோ தார்பா வாசிக்கும் ஒருவரை அழைப்போம். சுரைக்குடுவையில் செய்த அந்த ஊதுகருவியைச் சுற்றித்தான் அவர்கள் ஆட்டம். ஒரு மூதாட்டி வந்து அரிசி மாவால் சௌக் எழுதட்டும். பக்கத்தில் நம் வீட்டுப் பெண்கள் கோலம் போடட்டும். அவர்களுக்கு உரிய சம்பாவனையை மரியாதையாகக் கொடுப்போம். ஓவியம் வாங்குகிறவர்கள் வரைந்த கைக்கே பணம் போகும்படி வாங்குங்கள். பிரிண்ட் போட்ட துணியில் பால்காட் தேவிக்கும் பங்கில்லை, வார்லிக்கும் பங்கில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தாராவிக்குப் பக்கத்திலேயே மாஹிம் இயற்கைப் பூங்கா இருக்கிறது. குப்பை கொட்டிய 37 ஏக்கரில் மரம் நட்டு வளர்த்த காடு. முதலில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். பிறகு தேசியப் பூங்காவுக்குப் போகலாம். போகும்போது சிறுத்தை எங்கே என்று மட்டும் தேடாமல், இது ஒருவர் வீட்டு முற்றம் என்று சொல்லிக் கொடுங்கள். வாக்பாரஸ் அன்று பாடாக்காரர்கள் அழைத்தால் தேங்காய் வாங்கிக்கொண்டு போங்கள். அழைக்காவிட்டால் மொபைல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள்.